கோழிக் கூட்டுக்கு எதைப் பூசலாம்?

அந்தி சாய்ந்ததும் கூட்டில் அடைய வேண்டிய உங்கள் வீட்டுக் கோழி, மாமரத்தில் ஏறிக்கொள்கிறதா? கோழிக்குத் திமிர் என்று எண்ணிவிடாதீர்கள். இரவில் டார்ச் விளக்குடன் சென்று கூட்டின் பலகை இடுக்குகளைப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத செள்ளுப் பூச்சிகள் சிவப்பாக ஊர்வதைக் காண்பீர்கள். அந்தச் சிவப்பு கோழியின் இரத்தமே! பகலில் இடுக்கில் பதுங்கி, இரவில் வெளிவந்து இரத்தம் குடிப்பது இவற்றின் வழக்கம். பல மாதங்கள் பட்டினி கிடந்தும் உயிர் வாழும்.

நாகர்கோவில் அருகே எங்கள் வீட்டில் இந்தத் தொல்லை வந்தபோது, மிச்சமிருந்த எனாமல் பெயின்டைக் கூட்டின் உட்புறம் அடித்தேன். எச்சத்தைக் கழுவுவது எளிதாயிற்று; உண்மைதான். ஆனால் இடுக்குகளை அடைக்கவில்லை. அடைகாத்த கோழி ஒன்று சோகை பிடித்து இறந்தது. பௌதிகம் படித்தும் இவ்வளவுதான் புத்தி!

பிறகு பெயின்டின் மேலேயே சுண்ணாம்பு அடித்தேன். அதுவும் செதில் செதிலாக உரிந்தது. ஏன் தெரியுமா? சுண்ணாம்பு பிடித்து நிற்க நுண்துளைகள் வேண்டும். எனாமல் அவற்றை மூடிவிடுகிறது. மேலும் சுண்ணாம்பின் காரம் பெயின்டிலுள்ள எண்ணெயைச் சோப்பாக மாற்றிவிடும்.

சுண்ணாம்பு எப்படி வேலை செய்கிறது? சிப்பியையோ சுண்ணாம்புக் கல்லையோ சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. நீர் பட்டால் அது கொதித்து நீறும். (பெரியவர்கள் துணையின்றிச் செய்யாதீர்கள், கண்ணில் தெறித்தால் ஆபத்து.) நீற்றிய சுண்ணாம்பு நீரின் பி.எச். மதிப்பு 12க்கும் மேல். பெரும்பாலான கிருமிகள் அதில் பிழைப்பதில்லை. சுவரில் பூசியதும் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக இறுகி, சிறு துளைகளை அடைக்கிறது. ஆனால் இறுக இறுகக் காரம் குறைகிறது. கிருமி கொல்லும் சக்தியும் போகிறது. ஆகவே மீண்டும் மீண்டும் பூச வேண்டும். இரண்டு பருவமழைகளும் பெறும் நம் மாவட்டத்தில் மே மாதக் கடைசியிலும், புரட்டாசியிலும் பூசுவது நல்லது.

தரைக்கு வழவழப்பான சிமென்டுப் பூச்சே போதும். பத்மநாபபுரம் அரண்மனையின் கண்ணாடி போன்ற கருந்தரையைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டையின் வெள்ளைக்கரு முதலியன சேர்த்து இழைத்தது என்பார்கள். அரண்மனைத் தரைக்கும் கோழிதான் உதவியிருக்கிறது!

கூரை தகரமா? பளபளக்கும் தகரம் வெயிலைத் திருப்பிவிடும் என்று தோன்றும். ஆனால் விழும் ஒளியில் ஒரு பகுதியை அது ஏற்றுக்கொள்கிறது. ஏற்ற வெப்பத்தைக் கதிர்வீசி இழக்கும் திறனோ அதற்கு மிகக் குறைவு. வெள்ளைப் பூச்சு இரண்டையும் நன்றாகச் செய்யும். தகரத்தின் வெளிப்புறம் வெள்ளை அடித்து, மதியம் தொட்டுப் பாருங்கள்.

பழைய பெயின்ட் உரிந்த கதவு, ஜன்னல் பலகைகளைக் கூட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம். வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. கொத்தித் தின்ற செதிலின் ஈயம் முட்டை வழியே உங்கள் தட்டுக்கு வரும்.

பூசுமுன் கோழிகளை வெளியேற்றி, எச்சத்தை உலர்ந்தபடியே சுரண்டி எடுங்கள். ஈர எச்சத்தில் சுண்ணாம்பு பட்டால் அம்மோனியா கிளம்பிக் கண் எரியும். இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி, காய்ந்தபின் சாந்தால் அடைத்து, அப்புறம் வெள்ளையடியுங்கள். நன்கு உலரும்வரை கோழிகள் வெளியிலேயே இருக்கட்டும். ஒரு வாரம் கழித்து, இரவில் வெள்ளைத் துணியால் கோழி அமரும் கம்பின் அடிப்பக்கத்தைத் துடையுங்கள். துணியில் சிவப்புப் புள்ளி இருந்தால், இன்னும் ஏதோ ஓர் இடுக்கு அடைபடாமல் இருக்கிறது.