உஷார்! 9,900 என்று போட்டிருந்தால் தொடாதீர்கள்

ஸ்டிக்கரில் எந்த எண்ணையும் அச்சடிக்கலாம் என்று சிவகாசிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லேபிளும் காலண்டரும் அடித்துப் பிழைக்கிற ஊர். அப்படியிருந்தும், ரீசார்ஜபிள் டார்ச் வாங்கப் போனால் '9,900 எம்ஏஹெச்' என்பதைப் பார்த்து நாமே வாயைப் பிளக்கிறோம்.

டார்ச்சைத் திருகித் திறந்தால் கட்டைவிரல் மொத்தத்தில் ஒரு செல் இருக்கும். 18650 வகை, 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த உடம்புக்குள் பெயர்பெற்ற கம்பெனிகளே அடைப்பது பெரும்பாலும் 2,000 முதல் 3,500 வரைதான். 9,900 பச்சைப் பொய். சில போலிகளுக்குள் அதைவிடச் சின்ன செல் ஒன்று, மிச்ச இடத்துக்கு மண்ணோ மாவோ. (பிரித்துப் பார்க்கும் வேலை வேண்டாம், லித்தியம் செல்லைக் கிழித்தால் தீப்பிடிக்கும்.) தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல செல் 45 முதல் 50 கிராம் நிற்கும். முப்பதுக்குக் கீழே காட்டினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பவர் பேங்க்கில் பொய்யே சொல்லாமலும் ஏமாற்றலாம். 10,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. போனுக்காக 5 வோல்ட்டாக ஏற்றி அனுப்பும்போது 6,000 சொச்சம்தான் வெளியே வரும். பின்பக்கம் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று போட்டிருப்பார்களே, அதுதான் நிஜ எண். விலையை அதோடு வைத்துப் பாருங்கள். 'ஆர்' என்று தொடங்கும் எட்டு இலக்க பிஐஎஸ் பதிவு எண்ணையும் தேடுங்கள். பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் தயாரிப்பாளர் பெயரும் பிராண்டும் வரும். பெட்டியில் உள்ள பிராண்ட் அதில் இல்லையென்றால் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரியில் '150 ஏஹெச், சி20' என்றால், 20 மணி நேரம் 7.5 ஆம்பியர் வீதம் நிதானமாக இழுத்தால் கிடைக்கும் அளவு. 150ஐ 12ஆல் பெருக்கி, 400 வாட் லோடுக்கு நாலரை மணி நேரம் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். மூன்று மணி நேரம் தாண்டுவதே கஷ்டம். '36+24' வாரண்டியை ஐந்து வருஷம் என்று கடையில் அடித்துச் சொல்வார்கள். முதல் 36 மாதத்துக்குத்தான் இலவச மாற்று. அடுத்த 24 மாதத்துக்குப் புதுசின் விலையில் கொஞ்சம் தள்ளுபடி, அவ்வளவுதான்.

காசு போவதுகூடப் பரவாயில்லை, தீதான் பயம். நம்மூர்ப் பட்டாசு ஆலைக்குள் செல்போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். வீட்டிலோ, தீபாவளிச் சீட்டில் வந்த பட்டாசுப் பெட்டி கட்டிலுக்கடியில் கிடக்க, பக்கத்துப் பிளக்கில் ஊர்பேர் தெரியாத செல் ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறுகிறது! இந்த மலிவு செல்கள் பலவற்றில் ஓவர்சார்ஜைத் தடுக்கும் சர்க்யூட் கிடையாது. தொட்டால் சுடுகிறதா, வயிறு உப்பியிருக்கிறதா? உடனே சுவிட்சை அணைத்துவிட்டு, எரியக்கூடியது எதுவும் அண்டாத திறந்தவெளிக்குக் கொண்டுபோங்கள். பட்டாசுப் பெட்டியை இன்றைக்கே வேறு அறைக்கு மாற்றுங்கள். பிளக் பாயிண்ட்டே இல்லாத அறையாக இருந்தால் இன்னும் நல்லது.