திரையில் தெரியும் புள்ளி... அது யார்?

1988 ஜூலை 3. ஹோர்முஸ் நீரிணையில் இருந்த அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸின் ராடார் திரையில் ஒரு புள்ளி. ஈரானின் எஃப்-14 போர் விமானம் தாக்க வருகிறது என்று நினைத்தார்கள். இரண்டு ஏவுகணைகள் பாய்ந்தன. விழுந்தது, பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஈரான் ஏர் பயணிகள் விமானம். 290 பேரும் பலி. அவர்களில் 66 பேர் குழந்தைகள்.

'ஏதோ ஒன்று வருகிறது' என்று ராடார் சரியாகத்தான் சொன்னது. வருவது யார் என்பதில்தான் மனிதர்கள் தவறினார்கள். விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்தது கருவிகளில் பதிவாகியிருந்தும், பதற்றத்தில் அது இறங்கி வருவதாகவே கப்பலில் சொன்னார்கள்.

அந்தப் புள்ளியையே படமாக்கிவிட்டால்? முடியும். ராடார் அலையின் அதிர்வெண் அகலம் 150 மெகாஹெர்ட்ஸ் இருந்தால், 1 மீட்டர் இடைவெளியில் உள்ள பாகங்களைத் தனித்தனியே பிரித்தறியலாம். விமானம் திரும்பும்போது ஒரு இறக்கை நெருங்கும், மற்றது விலகும். எதிரொலியில் அந்த வித்தியாசம் தெரியும். இரண்டையும் சேர்த்துக் கணினி ஒரு சாயலை வரையும். கையில் உள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டு 'இன்ன விமானம்' என்று சொல்லும்.

ஸ்டெல்த் விமானங்கள் இங்கே கண்ணாமூச்சி ஆடுகின்றன. பெரும்பாலான ராடார்களில் டார்ச்சும் கண்ணும் ஒரே இடத்தில். எஃப்-117 விமானத்தின் பட்டை தீட்டிய உடல், அலையை வந்த வழியே திருப்பாமல் வேறு பக்கம் தள்ளிவிடும். அந்த வேறு பக்கத்தில் ஒரு கண்ணை வைத்தால்? அதுதான் பைஸ்டேட்டிக் ராடார். அலையை அனுப்புவது ஓரிடம், வாங்குவது இன்னோரிடம்.

யோசனை பழையது. 1935 பிப்ரவரி 26 அன்று, இங்கிலாந்தின் டாவென்ட்ரியில் வாட்சன்-வாட்டும் வில்கின்ஸும் பிபிசி வானொலி அலையை வைத்தே ஒரு விமானத்தைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஒருபடி மேலே போய், பிரிட்டனின் ராடார் அலைகளையே தன் ஆன்டெனாவில் பிடித்து, பிரிட்டனின் விமானங்களைக் கண்காணித்தது. ஊரான் வீட்டு நெய்யே கதைதான்!

ஆனால், படம் எடுப்பதில் தலைவலி அதிகம். இரண்டு இடங்களிலும் கடிகாரம் ஒத்துப்போக வேண்டும். ஒரு நானோ விநாடியில் அலை 30 சென்டிமீட்டர் போய்விடும். அனுப்பும் கோணம், வாங்கும் கோணம் இரண்டில் எது மாறினாலும் அதே விமானத்தின் படம் வேறாகத் தெரியும். இரண்டு ஆன்டெனாக்களுக்கும் நேர் நடுவே விமானம் வந்தால், தூர வித்தியாசமே தெரியாமல் படம் குலைந்துபோகும். இத்தனை கோணங்களுக்கும் மாதிரிகளைக் காட்டிக் கணினியைப் பழக்குவது லேசுப்பட்ட வேலையில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டியலில் இருப்பதில் எது அதிகம் ஒத்துப்போகிறதோ, அந்தப் பெயரைத்தான் கணினி சொல்லும். பட்டியலில் போர் விமானங்கள் மட்டுமே இருந்தால், ஏர்பஸ்ஸுக்கும் ஒரு போர் விமானத்தின் பெயரே கிடைக்கும். அதனால், 'தெரியவில்லை' என்று சொல்லவும் அதற்குக் கற்றுக்கொடுக்க ஆய்வாளர்கள் முயன்றுகொண்டிருக்கிறார்கள்.