சுமை என்கிறார்கள், சுமப்பது யார்?

'டிமென்ஷியா' எனப்படும் முதுமை மறதி நோயினால் 2019ஆம் ஆண்டிலே உலகுக்கு ஏற்பட்ட செலவு 1,30,000 கோடி டாலர்! உலகச் சுகாதார நிறுவனம் தரும் கணக்கு இது. 2021இல் இந்நோய்க்கு ஆளாகியிருந்தோர் 5 கோடியே 70 லட்சம் பேர்.

தொகையைக் கண்டதும், 'முதியோரால் பொருளாதாரத்துக்கு எவ்வளவு பெரிய சுமை!' என்று பெருமூச்செறிவோர் உண்டு. அவர்களை நாம் கேட்கிறோம்: சுமை என்கிறீர்களே, சுமப்பது யார்? சர்க்காரா? சீமான்களா?

அத்தொகையில் ஏறக்குறையப் பாதி, எந்தக் கருவூலத்திலிருந்தும் வந்த பணமன்று. வீட்டிலுள்ளோர் கூலியின்றிச் செய்த உழைப்புக்கு இடப்பட்ட மதிப்பு! குளிப்பாட்டுவது, ஊட்டுவது, வழிதவறிப் போகாமல் காப்பது என நாளொன்றுக்குச் சராசரி 5 மணி நேரம் உழைக்கிறார்கள். அந்த நேரத்தில் 70 சதவிகிதம் பெண்களுடையது. மனைவி, மகள், மருமகள் ஆகியோரின் வியர்வையே இந்தக் கணக்கிலே டாலராக மின்னுகிறது.

ஏழை நாட்டின் கதைதானே என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தைப் பாருங்கள். சுரங்கத் தொழிலாளியாக இருந்து அமைச்சரான அனூரின் பெவன், 1948 ஜூலை 5ஆம் நாள் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கி வைத்தார். நோயாளிக்குக் கட்டணமில்லா மருத்துவம்! உலகம் வியந்தது. ஆனால் அதே நாளில் நடைமுறைக்கு வந்த மற்றொரு சட்டம், முதியோர் விடுதிகளை உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைத்து, கட்டணமும் விதித்தது. அன்று கிழித்த கோடு அழியவே இல்லை.

விளைவு என்ன? புற்றுநோய் வந்தால் மருத்துவமனை இலவசம். மறதி நோய் வந்தால், அவருக்கு வேண்டியது மருத்துவமல்ல, பராமரிப்பு என்கிறார்கள்! மருத்துவத் தேவை மிகுந்த சிலருக்கே விலக்கு. 23,250 பவுண்டுக்கு மேல் சொத்துள்ளவர் முழுச் செலவையும் தாமே ஏற்க வேண்டும். 2010 முதல் 2025 வரை அந்த வரம்பு உயரவே இல்லை. தனித்து வாழ்ந்தவர் விடுதிக்குப் போனால், அவர் வீடும் சொத்துக் கணக்கிலே சேரும். நோயிலுமா இரண்டு சாதி?

இக்கொடுமைக்கு வரம்பு கட்ட 2011இல் டில்நாட் குழு வழி கூறியது. 2014இல் சட்டமாயிற்று. 2016இல் வரவேண்டியதை ஒத்திப்போட்டார்கள், பிறகு கைவிட்டார்கள். 2021இல் போரிஸ் ஜான்சன், ஒருவர் வாழ்நாளில் தரவேண்டியது 86,000 பவுண்டு மட்டுமே என்றார். அதுவும் தள்ளிப்போயிற்று. 2024 ஜூலையில் தொழிற்கட்சி ஆட்சி அதையும் கைகழுவிற்று. மறதி நோய் மக்களுக்கா, மந்திரிகளுக்கா?

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. ஜெர்மனி 1995இல் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. முதலாளியும் தொழிலாளியும் அதற்குச் சந்தா செலுத்துகின்றனர். வீட்டிலே நோயாளியைப் பேணுவோரின் ஓய்வூதியத்துக்கும் அந்நிதியிலிருந்து பணம் கட்டப்படுகிறது. ஜப்பான் 2000இல் இத்தகைய காப்பீட்டைத் தொடங்கியது. 40 வயதானோர் அனைவரும் சந்தா செலுத்த, வரிப்பணமும் சேர்கிறது. இவை முழுச் செலவையும் ஏற்பதில்லை. எனினும், பேணுதல் பொதுக் கடமை என்பதை ஒப்புக்கொள்கின்றன.

'பணத்துக்கு எங்கே போவது?' என்பார்கள். பணம் இப்போதும் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது! மருமகளின் ஊதியத்திலிருந்தும், முதியவரின் வீட்டிலிருந்தும் எடுக்கிறார்கள். ஊருக்கெல்லாம் வரக்கூடிய நோய்க்கு ஊர் கூடிச் செலவிடுவதே நீதி என்கிறோம் நாம்.