பிறமொழி பயிலும் முறை

தாய்மொழியைக் கற்பதற்கும் பிறமொழியைக் கற்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. தாய்மொழி நாம் வேண்டாமலே நம்மை வந்தடைகிறது. பிறமொழியையோ நாமே தேடிச் சென்று பெறவேண்டும். அவ்வழியில் இடர்கள் சில உள. அவற்றைக் கடக்கும் உபாயங்களும் உள. கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, பின்னர் மலாய்மொழி வாயிலாக இடைநிலைக் கல்வி பெற்றவர்கள் நாங்கள். அவ்வழியில் நாங்கள் கண்டறிந்தவற்றை இளைய மாணவர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலாய்மொழி இந்நாட்டின் தேசியமொழி. ஆதலின் அதனை அயல்மொழி என்றல் பொருந்தாது. எனினும் லயத்து வீடுகளில் தமிழ் ஒன்றையே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அது பள்ளியில் புதிதாகக் கற்கவேண்டிய மொழியாகவே இருந்தது. இவ்வகையில் நாம் மட்டும் தனித்தவர் அல்லர். சபாக் பெர்ணம், தஞ்சோங் காராங் பகுதிகளில் குடியேறிய ஜாவானியரும் பஞ்சாரியரும் தத்தம் மொழிகளைத் தம் இல்லங்களில் பேசி வந்தவர்களே. சீனர்களுக்கும் இல்லத்து மொழி வேறு. ஆகவே, பல மொழியினர் ஒருவர் மொழியை ஒருவர் கற்று வாழ்வது நம் வட்டாரத்தின் நெடுநாள் வழக்கமாகும்.

நம் தமிழைக் கற்றுக்கொண்டு இங்கு வாழ்ந்த வெளிநாட்டாரும் உளர். அவர்களுள் ஒருவரை நாம் சிறப்பாக நினைவுகூர வேண்டும். ஹென்றி ஃபோக்கொனியே என்பவர் 1879ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் பிறந்தவர். அவர் 1905ஆம் ஆண்டு மலாயாவுக்கு வந்து, தோட்டத் தொழிலைப் பழகியபோதே மலாய்மொழியையும் தமிழையும் கற்றார். பின்னர் சிலாங்கூர் ஆற்றையடுத்த ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் அமைத்தார். 1917ஆம் ஆண்டு, பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைப் பயிரீட்டைத் தொடங்கியவர் அவரே. தோட்டத்தின் பெயரிலேயே நம் தமிழ்ச்சொல் விளங்குவதைக் காண்க. மலாயா வாழ்வை வைத்து அவர் எழுதிய பிரெஞ்சு நாவலுக்கு 1930ஆம் ஆண்டு பிரான்சின் புகழ்பெற்ற கொன்கூர் பரிசு கிடைத்தது. அந்நாவலில் மலாய்ப் பந்துன்களும் இடம்பெற்றுள்ளன.

அவரைப் போன்ற தோட்டத்துத் துரைமார்கள் தமிழ் கற்றது எதனால்? பால் வெட்டுவோரும் கங்காணிகளும் தமிழரே ஆதலின், தமிழ் அறியாமல் தோட்டத்தை நடத்த இயலாது. தேவையே அவர்களுக்கு ஆசானாயிற்று. தோட்டத்துச் சீனக் கடைக்காரர் சிலர் நம்மைப் போலவே சரளமாகத் தமிழ் பேசியதும் இக்காரணம் பற்றியே. எழுத்தறியாத நம் பாட்டிமார்களும் மீன் விற்பவரிடமும் சந்தையிலும் மலாய்மொழியில் விலை பேசினர். இன்றும் வங்காளதேசத்திலிருந்து செம்பனைத் தோட்டங்களுக்கு வரும் தொழிலாளர் பலர், பாடநூல் இன்றிச் சில திங்களிலேயே மலாய்மொழியில் பேசக் காண்கிறோம். இவர்கள் எல்லாரும் முதலில் செவியால் கேட்டனர். பிறகு பிழையைப் பொருட்படுத்தாமல் பேசினர்.

ஆயினும் சந்தையில் பேசும் மலாய் வேறு. கல்விக்குரிய மலாய் வேறு. விலை பேசப் போதுமான சொற்கள் அறிவியல் பாடத்திற்குப் போதா. இவ்வுண்மையை நாங்கள் இடைநிலைப்பள்ளியில்தான் முழுமையாக உணர்ந்தோம். எங்கள் காலத்தில் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தோர், முதல் படிவத்திற்குச் செல்லும்முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் பயின்றனர். அவ்வகுப்பு மொழியைத் திருத்திக்கொள்ள அமைந்தது. ஆயினும் ஆறாண்டுகள் தமிழில் கணிதமும் அறிவியலும் கற்றவர்க்கு, அனைத்தையும் வேறொரு மொழியில் கேட்டு விளங்கிக்கொள்ள அந்த ஓராண்டு போதவில்லை.

வகுப்பில் ஆசிரியர் வினவும்போது விடை நெஞ்சில் இருக்கும்; நாவில் வாராது. தமிழ்ப்பள்ளியில் முதல் மாணவராக விளங்கியவர், அங்கே பின்வரிசையில் அமர்ந்து வாய்திறவாதிருப்பார். எழுந்து பேசினால் பிறர் நகைப்பரோ என்னும் நாணமே அதற்குக் காரணம். அம்மௌனத்தை அறியாமை என்று பிறர் எண்ணிவிடுவதும் உண்டு. எங்களோடு விடியற்காலையில் பேருந்து ஏறி வந்தவர்களுள் சிலர், மூன்றாம் படிவத்தை முடிக்கும் முன்னரே பள்ளியை விட்டு நீங்கிப் பால்மரக் காட்டிற்கும் செம்பனைக் காட்டிற்கும் சென்றுவிட்டனர். அவர்கள் அறிவில் குறைந்தவர் அல்லர். மொழி என்னும் கதவு திறவாமையால், உள்ளே இருந்த கல்வி அவர்களுக்கு எட்டாமற் போயிற்று. ஆகவேதான் மாணவர்களே, இதனைச் சிறு செய்தியாகக் கருதவேண்டா என்கிறோம்.

இனி, தமிழ் மாணவருக்கு மலாய்மொழியில் கடினமாவன எவை, எளியனவாவன எவை என்பதைக் காண்போம்.

முதலாவது இடர் ஒலியைப் பற்றியது. 'கங்காணி' என்னும் சொல்லை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதலில் நிற்கும் ககரமும், ஙகரத்தை அடுத்து நிற்கும் ககரமும் எழுத்தால் ஒன்று, ஒலியால் வேறு. 'தந்தை' என்பதில் இரண்டு தகரங்களும், 'பம்பரம்' என்பதில் இரண்டு பகரங்களும் அவ்வாறே வேறுபடும். தமிழில் இவ்வேறுபாடு எழுத்து நிற்கும் இடத்தைப் பொறுத்துத் தானே அமைகிறது, பொருளை மாற்றுவதில்லை. மலாய்மொழியிலோ பொருளையே மாற்றிவிடும். 'பாகி' என்பதைப் பம்பரத்தின் முதற் பகரம் போல் ஒலித்தால் காலைப்பொழுது எனப் பொருள்படும். இரண்டாம் பகரம் போல் ஒலித்தால் கொடு எனப் பொருள்படும். 'துவா' என்பதைத் தந்தையின் முதல் தகரம் போல் ஒலித்தால் முதுமை. இரண்டாம் தகரம் போல் ஒலித்தால் இரண்டு. 'காலி' என்பதைக் கங்காணியின் முதற் ககரம் போல் ஒலித்தால் தடவை. இரண்டாம் ககரம் போல் ஒலித்தால் தோண்டு.

இதனால்தான் மலாய்ச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தல் ஆகாது. இக்கட்டுரையில் விளக்கத்தின் பொருட்டு அவ்வாறு எழுதியுள்ளோம். நீங்கள் உங்கள் ஏட்டில் அச்சொற்களை ரூமி எழுத்திலேயே எழுதுங்கள். ஆசிரியரோ மலாய் நண்பரோ சொல்லக் கேட்டு, பலமுறை உரக்கச் சொல்லிப் பழகுங்கள்.

ரூமி எழுத்திலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எகரத்தைக் குறிக்கும் ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலிகள் உள்ளன. ஒன்று நம் எகர ஏகாரங்களைப் போன்றது. மற்றொன்று, 'பாட்டு', 'காது' என்னும் சொற்களின் இறுதியில் வரும் குற்றியலுகரத்திற்கு ஓரளவு நெருங்கியது. 'பெராங்' என்னும் சொல்லை முதல் ஒலியால் சொன்னால் பழுப்பு நிறம். இரண்டாம் ஒலியால் சொன்னால் போர். இவ்வேறுபாட்டை எழுத்து காட்டாது; செவியே காட்டும்.

இரண்டாவது இடர் சொற்கள் நிற்கும் வரிசையாகும். 'நான் சோறு உண்கிறேன்' என்று வினையை இறுதியில் வைப்பது தமிழ் மரபு. 'சாயா மாக்கான் நாசி' என்று, நான், உண்ணல், சோறு என்னும் முறையில் வைப்பது மலாய் மரபு. அடையும் பெயருக்குப் பின்னரே வரும். இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டுவதில்லை. நம் வடக்கே உள்ள சுங்கை பெசார் என்னும் ஊரின் பெயரைப் பாருங்கள். சுங்கை ஆறு, பெசார் பெரியது. பெரிய ஆறு என்று நாம் சொல்வதை, ஆறு பெரிய என்று அவர்கள் சொல்கின்றனர். புக்கிட் ரோத்தான் என்பதும் அத்தகையதே. புக்கிட் குன்று, ரோத்தான் பிரம்பு. ரோத்தானின் பொருளை எந்த மாணவருக்கும் நாம் விளக்க வேண்டுவதில்லை! கோல சிலாங்கூர் என்பது சிலாங்கூர் ஆற்றின் முகத்துவாரம். இவ்வாறு பேருந்தில் செல்லும்போது காணும் ஊர்ப்பெயர்ப் பலகைகள் எல்லாம் நமக்குப் பாடங்களே.

இனி எளியவற்றைப் பார்ப்போம். மலாய்மொழியில் வினைச்சொல் காலத்திற்கும் இடத்திற்கும் ஏற்ப வடிவம் மாறுவதில்லை. 'மாக்கான்' என்பதன் முன் 'சூடா' என்று சேர்த்தால் முடிந்த செயல். 'ஆக்கான்' என்று சேர்த்தால் வருங்காலச் செயல். 'இது நூல்' என்று நாம் சொல்வது போலவே, அவர்களும் 'இனி பூக்கு' என்பர். ஆங்கிலத்தில் போல் இடையில் வேறொரு வினைச்சொல் வேண்டுவதில்லை. ஆகாரம் சேர்த்து 'நூலா?' என்று நாம் வினவுவது போல, அவர்கள் 'கா' சேர்த்து 'பூக்குகா?' என்று வினவுவர்.

இவற்றினும் சிறந்த ஒற்றுமை ஒன்று உண்டு. கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும்போது நாம் என்கிறோம். அவரை நீக்கிச் சொல்லும்போது நாங்கள் என்கிறோம். மலாய்மொழியிலும் 'கீத்தா' என்பது நாம். 'காமி' என்பது நாங்கள். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லாமையால் ஆங்கிலேயர் இதனை முயன்று கற்கவேண்டும். தமிழ்க் குழந்தைக்கோ இது தாய்ப்பாலோடு வந்தது.

இலக்கணத்திலும் நமக்கு ஒரு திறவுகோல் உண்டு. தமிழில் ககரத்திற்கு ஙகரமும், சகரத்திற்கு ஞகரமும், தகரத்திற்கு நகரமும், பகரத்திற்கு மகரமும் இனவெழுத்துகள் என்று கற்கிறோம். மலாய் வினைச்சொல்லின் முன் 'மெ' என்னும் ஒட்டுச் சேரும்போது நிகழ்வதைப் பாருங்கள். 'கீரா', அதாவது எண்ணு என்பது 'மெஙீரா' ஆகிறது. பெருக்கு எனப் பொருள்படும் 'சாப்பு' என்பது 'மெஞாப்பு' ஆகிறது. எழுது எனப் பொருள்படும் 'துலிஸ்' என்பது 'மெனுலிஸ்' ஆகிறது. வெட்டு எனப் பொருள்படும் 'போத்தோங்' என்பது 'மெமோத்தோங்' ஆகிறது. வல்லெழுத்து மறைந்து அதன் இனமான மெல்லெழுத்துத் தோன்றுகிறது அன்றோ! தமிழ் இலக்கணத்தை நன்கு கற்ற மாணவன் இவ்விதியை ஒரே நாளில் பிடித்துக்கொள்வான்.

சொற்களிலும் உறவு உண்டு. கடல் வாணிகத்தின் வாயிலாகத் தமிழ்ச்சொற்கள் பல மலாய்மொழியில் கலந்துள்ளன. கடை 'கெடாய்' ஆயிற்று; கப்பல் 'காப்பால்' ஆயிற்று. முதலீட்டைக் குறிக்கும் முதல் 'மோடால்' ஆயிற்று. கட்டில், பெட்டி, சுருட்டு ஆகியனவும் சிறிதே ஒலி மாறி வழங்குகின்றன. ஆயினும் ஒலியை மட்டும் நம்பிப் பொருள் கொள்ளலாகாது. மலாய்மொழியில் 'கோலாம்' என்பது வாசலில் இடும் கோலம் அன்று, அது குளம். 'தாலி' என்பது கயிறு எதற்கும் பொதுவான பெயர்.

மேற்கூறியவற்றால், தாய்மொழியை நன்கு கற்றல் பிறமொழிக்குத் தடையாகாது என்பது விளங்கும். இதற்குச் சான்றாக விளங்குபவர் முன்ஷி அப்துல்லா. 1796ஆம் ஆண்டு மலாக்காவில் தமிழ்க் குருதியும் கலந்த குடியில் பிறந்த அவர், இளமையில் தமிழும் கற்றார். அக்காலத்தில் மலாக்கா வணிகர்கள் கணக்கு எழுதத் தமிழ் பயன்பட்டது. அவரே பின்னர் ஆங்கிலேயர் பலர்க்கு மலாய்மொழி கற்பித்தார். 1849ஆம் ஆண்டு அச்சேறிய தம் வரலாற்று நூலால், நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படுகிறார்.

ஆகவே, மாணவச் செல்வங்களே, பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள். நாள்தோறும் சிறிது நேரம் மலாய் வானொலிச் செய்தியைக் கேளுங்கள். புதிய சொற்களைத் தனித்தனியாக அன்றி வாக்கியத்தில் வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். ஐயம் எழுந்தால் அகராதியைப் புரட்டுங்கள். 1970ஆம் ஆண்டு முதன்முதலாக வெளிவந்த கமுஸ் டேவான் பல பதிப்புகளைக் கண்டு இன்றும் பயன்தருகிறது. மலாய்ச் சிறுவருடன் விளையாடுங்கள். திடலில் அரைமணி நேரம் பேசும் பேச்சு, ஏட்டில் எழுதும் பத்துப் பக்கத்திற்கு நிகராகும். யாரேனும் திருத்தினால் நன்றி கூறி மீண்டும் சொல்லுங்கள். 'மாலு பெர்தாஞா, செசாட் ஜாலான்' என்பது மலாய்ப் பழமொழி. கேட்பதற்கு நாணியவன் வழி தவறுவான் என்பது அதன் பொருள்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் மலாய்மொழியில் தேறவேண்டும் என்பதற்காக வீட்டில் தமிழைக் குறைத்துவிடாதீர்கள். வீட்டில் நல்ல தமிழில் கதை சொல்லுங்கள். பிள்ளை பள்ளியில் கற்ற மலாய்ச் சொற்களை உரக்கச் சொல்லச் செய்து செவிசாயுங்கள். உங்களுக்குப் பொருள் விளங்காவிடினும், பேசும் துணிவு பிள்ளைக்கு வளரும். அத்துணிவு இல்லாமையால் பின்வரிசையில் அமர்ந்து பள்ளியை இழந்தோரை நாங்கள் கண்டோம். அந்நிலை இனி நம் பிள்ளைகளுள் ஒருவருக்கும் நேராதிருப்பதாக!