காயம்பட்ட வேம்பு

மனித உடலிற் புண் உண்டானால், பழுதுற்ற தசை நீங்கி அவ்விடத்திலேயே புதிய தசை வளர்கின்றது. மரத்தின் இயல்பு வேறு. அங்கு ஒருமுறை பழுதுற்ற இழையம் மீண்டும் புதுப்பிக்கப்படுவதில்லை. மரம் தன் புண்ணைச் சுற்றி வேலியடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர்கின்றது. இவ்வுண்மையை உணர்ந்தால், அடிபட்ட இளமரத்தைக் காக்கும் வழியும் புலனாகும்.

பட்டையின் உட்புறத்திலுள்ள உரியம், இலைகள் ஆக்கும் உணவை வேருக்குக் கொண்டுசெல்வது. உள்ளேயுள்ள காழ், வேர் உறிஞ்சும் நீரை இலைக்கு ஏற்றுவது. இவ்விரண்டுக்கும் இடையே மெல்லிய படலமாக அமைந்த மாறிழையமே இரு பக்கமும் புதிய இழையங்களைப் பிறப்பிக்கின்றது. பட்டை முற்றுஞ் சுற்றி உரிந்தால் வேர் பட்டினியால் மடியும். ஒரு பக்கம் எஞ்சியிருப்பின் பிழைக்க வழியுண்டு. பனைக்கும் தென்னைக்கும் மாறிழையம் இல்லை. ஆதலினாலேயே, ஏறுவதற்காகத் தென்னையில் வெட்டிய படிகள் எத்தனை ஆண்டு சென்றாலும் மூடுவதில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன், எங்கள் அயல்வளவிலே மதில் கட்டக் கல்லேற்றி வந்த லொறியொன்று, வேலியோரம் நின்ற இளவேம்பை உரசிச் சென்றது. இரண்டங்குல விட்டமுள்ள அடிமரத்தில், ஒரு சாண் நீளத்துக்கு மூன்று விரலகலப் பட்டை உரிந்து வெண்மரம் தெரிந்தது. மதிலின் அத்திவாரமும் அவ்விடத்தாலேயே செல்லவேண்டியிருந்தது. “வெட்டி எறிவதே நன்று” என்றனர் பலரும். அதனை நட்டுக் கோடையிலே குடங்குடமாக நீர் வார்த்த ஆச்சி மட்டும், “இலையெல்லாம் பச்சையா நிக்குது தம்பி, உயிரோட நிக்கிறதை எப்பிடி வெட்டுறது?” என்று என்னைக் கேட்டார். ஆச்சிக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. இன்னொரு கன்றை நட்டு அதன் நிழலைக் காணலாமென்று அவருக்குச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அளந்து பார்த்தேன். உரிந்தது சுற்றளவில் மூன்றிலொரு பங்கே.

தார் பூசும்படி சிலரும், சாணி அப்பும்படி சிலரும் கூறினர். அமெரிக்க வனத்துறையில் ஆய்வு செய்த அலெக்ஸ் ஷைகோ என்பார், ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்து நோக்கி 1977 இல் வெளியிட்ட முடிபு இங்கே நினைவுகூரத்தக்கது. அழுகல் மேலும் கீழும், உள்ளும், பக்கங்களிலும் பரவாதபடி மரம் தடைச்சுவர்களை அமைக்கின்றது. பழைய மரத்துக்கும் காயத்தின்பின் வளரும் புதுமரத்துக்கும் இடையே எழுவது நான்காவது சுவர். அதுவே மிக வலியது. பூச்சுகள் அழுகலைத் தடுப்பதில்லை என்பதையும் அவர் காட்டினார். ஆகவே, கிழிந்து தொங்கிய பட்டையைக் கூரிய கத்தியால் ஒதுக்கியதன்றி வேறொன்றும் நாம் செய்யவில்லை.

இடம்பெயர்த்தலே அரிய காரியம். அடிமரத்தின் விட்டத்தைப்போலப் பன்னிரண்டு மடங்கு, அஃதாவது இரண்டடி விட்டமுள்ள வட்டமொன்று கீறினோம். ஆவணியில் அதன் ஒரு பாதியில் மாத்திரம் கிடங்கு வெட்டி, வேர்களை அறுத்து, குப்பைமண் இட்டு மூடினோம். அறுபட்ட முனைகளிற் சிறுவேர்கள் பிறக்க அவகாசம் வேண்டும். அதுவரை அவ்விடத்தில் மதிலை நிறுத்திவைக்க மேசனார் முணுமுணுத்தபடியே இணங்கினார்.

கதியால் நடும் காலமாகிய ஐப்பசியில், மழை மண்ணை நனைத்தபின் மறுபாதியையும் வெட்டினோம். செம்மண்ணுக்குக் கீழிருந்த சுண்ணக்கல்லை அலவாங்கால் நெம்பி, ஆணிவேரை வாளால் அறுத்து, மண்கட்டி உடையாதபடி சாக்கினாற் சுற்றி, அறுவர் தூக்கி வளவின் மேற்குமூலையில் நட்டோம். வேர் தொடங்கும் கழுத்து நிலமட்டத்துக்குக் கீழே போகவிடவில்லை. இரு பக்கமும் கம்பு ஊன்றி, பழஞ்சேலைத் துண்டாற் தளர்வாகக் கட்டினோம். காற்றிற் சிறிது ஆடினாற்றான் அடிமரம் தடிக்கும். கிளைகளையும் பெரிதாகத் தறிக்கவில்லை. வேர் வளர உணவு தருவன இலைகளல்லவா?

இரு வாரங்களில் அவ்விலைகளும் உதிர்ந்தன. “பட்டுவிட்டது” என்றனர் அயலவர். ஆச்சி சிறுகிளையொன்றை நகத்தாற் சுரண்டிப் பார்த்தார். உள்ளே பச்சை! கார்த்திகை விளக்கீட்டுக்குள் கணுக்களிலே செந்தளிர்கள் அரும்பின.

இன்று காயத்தின் இரு கரைகளிலிருந்தும் உதடுபோலத் திரண்ட புதுப்பட்டை, அதனை ஒரு விரலகலமாகக் குறைத்துள்ளது. சில ஆண்டுகளில் முற்றாக மூடிவிடும். ஆயினும் லொறி உரசிய பழைய மரம் உள்ளே அப்படியே இருக்கும். போர் 2009 இல் ஓய்ந்த பின்னரும், வடபுலத்து மரங்களை அறுக்கும்போது வாளிற் தட்டுப்படும் எறிகணைத் துண்டுகள் இதற்குச் சான்று. அவ்விரும்பை உள்ளே வைத்துக்கொண்டே அம்மரங்கள் காய்த்தன, நிழல் தந்தன. ஆச்சியும் இப்பொழுது மாலை வேளையிற் கதிரையை வேம்பின் கீழேதான் போடுகிறார்.

வீதியோரத்திலோ பள்ளிக்கூட வளவிலோ அடிபட்டு நிற்கும் கன்றைக் காண்போர், கத்தியை எடுக்குமுன் பட்டை எவ்வளவு எஞ்சியுள்ளது என்று அளந்து பார்ப்பார்களாக. பாதிக்குமேல் இருக்குமாயின், அடுத்த மாரிவரையேனும் அதற்குத் தவணை கொடுக்கலாம்.