பழைய எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஏன் இவ்வளவு விலை? வாங்கும் முன் எதைப் பார்க்கணும்?

செகண்ட் ஹேண்ட் என்றாலே விலை குறையும். சில எலெக்ட்ரிக் கிட்டார்களுக்கு மட்டும் கணக்கு வேறு. பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் 1970-ல் வாங்கிய கறுப்பு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், 2019-ல் நியூயார்க் ஏலத்தில் 39.75 லட்சம் டாலருக்குப் போனது.

பிரபலங்கள் தொடாத கிட்டாருக்கும் மவுசா?

ஆமாம். 1965-ல் ஃபெண்டரை சிபிஎஸ் நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. பிறகு தரம் இறங்கிவிட்டது என்று வாசிப்பவர்கள் பேசத் தொடங்க, அதற்கு முந்தைய கிட்டார்களின் மதிப்பு எகிறியது. கிப்சனின் 1958-60 'சன்பர்ஸ்ட்' லெஸ் பால், அன்று சரியாக விற்கவில்லை. இன்று லட்சக்கணக்கான டாலர்.

விலையைக் குறைப்பது எது?

மறுபடி அடித்த பெயின்ட், மாற்றிய பிக்கப், உடைந்து ஒட்டிய தலைப்பகுதி. ஒட்டிய கிட்டார் நன்றாகவே ஒலிக்கலாம். ஆனால் சேகரிப்பவர்களிடம் பாதி விலைதான் கிடைக்கலாம். வாசிக்க மட்டும் வாங்குபவருக்கு அது லாபம்.

என்ன செக் பண்ணணும்?

* கழுத்துப் பகுதி வளைந்திருக்கிறதா, ஃபிரெட் தேய்ந்திருக்கிறதா பாருங்க.
* ஆம்ப்பில் மாட்டி, ஒவ்வொரு ஸ்விட்சையும் குமிழையும் திருப்பிப் பாருங்க. கரகரவென்றால் பேரம் பேசலாம்.
* சீரியல் நம்பரை மட்டும் நம்பாதீங்க. போலியிலும் நம்பர் இருக்கும்.

வெளிநாட்டில் வாங்கினால்?

பழைய கிட்டார்கள் பலவற்றில் பிரேசில் ரோஸ்வுட் மரம் இருக்கும். 1992 முதல் சர்வதேச 'சைட்டிஸ்' ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் அது இருக்கிறது. உரிய சான்று இல்லாமல் கொண்டுவந்தால், பணமும் போய் கிட்டாரும் கஸ்டம்ஸில் பறிமுதலாகலாம்.