வலிமை வளரும் நாள்

உடல் வலிமை பெற வேண்டும் என்னும் ஆவல் இளமைப் பருவத்தில் இயல்பாகவே எழுவதாகும். அவ்வாவலால் உந்தப்பட்ட மாணவன் ஒருவன் திங்கட்கிழமை விடியற்காலையில் எழுகின்றான். மூச்சு முட்டும் வரையில் தண்டால் எடுக்கின்றான். கால்கள் நடுங்கும் வரையில் பஸ்கி போடுகின்றான். செவ்வாயன்று உடல் வலிக்கின்றது. வலியைப் பொருட்படுத்தாதவனே வீரன் என்று எண்ணி, முதல் நாளினும் மிகுதியாகச் செய்கின்றான். புதனன்று கையைத் தூக்கவும் இயலவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பயிற்சியையே கைவிட்டு விடுகின்றான். அவனிடம் ஊக்கம் குறைவா? இல்லை. உழைப்புக் குறைவா? அதுவும் இல்லை. வலிமை எப்பொழுது வளர்கின்றது என்பதை அவன் அறியவில்லை, அதுவே குறை.

பயிற்சி செய்யும்பொழுதே வலிமை வளர்கின்றது என்று பலர் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. பளுவைத் தூக்கி முடித்தவுடன் ஒருவன் முன் இருந்ததினும் வலிமை குன்றியே நிற்கின்றான். தசைகளில் சேமித்து வைக்கப்பட்டிருந்த ஆற்றல் குறைந்திருக்கும். நுண்ணிய தசையிழைகளிற் சில சிதைவுற்றும் இருக்கும். அதன் பின்னரே உடல், உணவையும் உறக்கத்தையும் துணையாகக் கொண்டு, அவற்றைச் செப்பனிடத் தொடங்குகின்றது. கடும்பயிற்சிக்குப் பின் ஏறத்தாழ 24 முதல் 48 மணி நேரம் வரையில் தசைகளில் புதிய புரதம் உருவாகும் வேலை வழக்கத்தினும் விரைந்து நடைபெறுகின்றது. உடல் பழைய நிலையை அடைவதோடு நில்லாமல், அத்தகைய பளு மீண்டும் வரின் தாங்குவதற்கென்று சிறிது கூடுதலான வலிமையையும் தேடி வைத்துக்கொள்கின்றது. ஆகவே, பயிற்சி வலிமைக்கு வித்திடுகின்றது. ஓய்வு அதனை விளைவிக்கின்றது.

மண்வெட்டி பிடிக்கும் உழவரின் கையைப் பாருங்கள். உள்ளங்கை காய்ப்பேறி உறுதியாக இருக்கும். மண்வெட்டியையே தொட்டறியாத ஒருவன் அக்கையைக் கண்டு, ஒரே நாளில் வயல் முழுவதையும் கொத்த முற்பட்டால் அவனுக்குக் கிடைப்பது காய்ப்பு அன்று, கொப்புளமே ஆகும். அது ஆறுமுன் மறுநாளும் கொத்தினால் புண்ணாகும். சிறிது வேலை, அது ஆறுதற்கு வேண்டிய காலம், மீண்டும் சிறிது வேலை என்று பழகிய கையே காய்ப்பேறுகின்றது. தோலுக்கு உரிய இம்முறை தசைக்கும் பொருந்தும்.

அவ்வாறாயின், ஒரு நாள் உழைத்துவிட்டுப் பல நாள் வாளா கிடக்கலாமா? அதுவும் தவறே. நெடுநாள் பயிற்சி இன்றி இருப்பின் பெற்ற வலிமை மெல்ல மெல்லக் குறையும். மிகுதியும் கூடாது, குறையும் கூடாது என்பதற்காகவே பயிற்சியாளர்கள் வாரத்தைப் பகுத்து வைத்தனர். வல்லினம், மெல்லினம், இடையினம் என எழுத்துக்களை நாம் பகுத்துக் கற்றுள்ளோம் அல்லவா? அவ்வாறே பயிற்சி நாள்களையும் வன்னாள், மென்னாள், இடைநாள் என மூன்றாகக் கொள்ளலாம். அமெரிக்கப் பயிற்சியாளர் பில் ஸ்டார், தம் நாட்டுக் கால்பந்து ஆட்டக்காரர்களுக்காக 1976-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், திங்கள் கடும்பளு, புதன் எளிய பளு, வெள்ளி நடுத்தரப் பளு என்று வகுத்த முறை புகழ் பெற்றதாகும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். நன்கு பழகிய இளைஞர் ஒருவர் 50 கிலோகிராம் எடையைச் சுற்றுக்கு 5 தடவையாக 5 சுற்றுத் தூக்க வல்லவர் என்று கொள்வோம். திங்களன்று அவர் அவ்வாறே தூக்குகின்றார். அன்று அவர் தூக்கிய மொத்த எடை 1,250 கிலோகிராம். புதனன்று எடையை 40 கிலோகிராமாகவும், சுற்றை 3 ஆகவும் குறைக்கின்றார். மொத்தம் 600 கிலோகிராம். முன்னதிற் பாதிக்கும் குறைவு. வெள்ளியன்று 45 கிலோகிராம், 4 சுற்று. மொத்தம் 900 கிலோகிராம். எஞ்சிய நான்கு நாள்களில் பளுவைத் தொடுவதில்லை. நடக்கலாம், நீந்தலாம், விளையாடலாம். அடுத்த திங்களன்று 51 கிலோகிராம் தூக்க முயல்கின்றார். ஒரு கிலோகிராம்தானா என்று எள்ளுதல் வேண்டா. தசையைக் காட்டிலும், அதனை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் மெதுவாகவே உறுதி பெறுகின்றன. அவற்றிற்கும் நாம் காலம் தருதல் வேண்டும்.

எடைக் கருவிகள் இல்லாதவரும் இம்முறையைப் பின்பற்றலாம். தண்டாலை வன்னாளில் சுற்றுக்கு 12 வீதம் 5 சுற்றும், மென்னாளில் 6 வீதம் 3 சுற்றும், இடைநாளில் 9 வீதம் 4 சுற்றும் செய்யலாம். தத்தம் ஆற்றலுக்கு ஏற்ப இவ்வெண்களைக் குறைத்தும் கூட்டியும் கொள்க. மென்னாளை வீண்நாள் என்று கருதற்க. பளு குறைந்த அந்நாளிலேதான் முதுகு வளையாமை, மூச்சை அடக்காமை, பாதங்களை ஊன்றி நிற்றல் ஆகியவற்றைப் பொறுமையோடு பழக முடியும்.

பயிற்சி நாள்களை இவ்வாறு மாற்றி அமைக்கும் கருத்துப் புதியதன்று. பண்டைக் கிரேக்கப் பயிற்சியாளர்கள் நான்கு நாள்களை ஒரு சுழலாக வகுத்திருந்தனர். முதல் நாள் உடலை ஆயத்தம் செய்தல். இரண்டாம் நாள் முழு ஆற்றலையும் செலுத்துதல். மூன்றாம் நாள் தளர்வு. நான்காம் நாள் நடுத்தரமான உழைப்பு. ஆயினும், அம்முறையே ஒருவர் உயிரைக் கொள்ளை கொண்டதை உடற்பயிற்சி பற்றி நூல் எழுதிய பிலோஸ்ட்ராட்டஸ் என்னும் அறிஞர் கூறுகின்றார். கெரேனஸ் என்பவர் ஒலிம்பியாவில் வெற்றி கண்ட மற்போர் வீரர். வெற்றி மகிழ்ச்சியில் நண்பர்களோடு விருந்துண்டு, உறக்கமும் இழந்து, மறுநாள் பயிற்சிக்களம் வந்தார். உடல் நலமில்லை என்பதை மறையாமல் ஒப்புக்கொண்டார். பயிற்சியாளரோ, நான்கு நாள் ஒழுங்கு கெட்டதே என்று சினந்து, வகுத்த பயிற்சியைச் செய்யுமாறு அவரை வற்புறுத்தினார். அப்பயிற்சியினிடையே கெரேனஸ் உயிர் நீத்தார்.

அட்டவணை நன்று, ஆனால் அது உடலுக்காக ஏற்பட்டது, உடல் அட்டவணைக்காக ஏற்பட்டதன்று. காய்ச்சல் கண்ட நாளிலும், இரவெல்லாம் கண்விழித்துப் படித்த மறுநாளிலும், வன்னாளாயினும் அதனை மென்னாளாக மாற்றுதல் அறிவுடைமை. காய்ச்சலாயின் முற்றும் ஓய்தலே நன்று. மூட்டில் குத்தும் வலி, பசியின்மை, விடியற்காலையில் வழக்கத்தினும் விரைந்த நாடித்துடிப்பு ஆகியவை உடல் நமக்கு விடுக்கும் எச்சரிக்கைகள்.

5 முதல் 17 வயது வரையில் உள்ளோர் வாரத்தில் 3 நாளேனும் தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் செயல்களில் ஈடுபட வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. ஆதலின், மாணவர்களே, உடற்கல்வி ஆசிரியரின் மேற்பார்வையில் பயிற்சியைத் தொடங்குங்கள். செய்த அளவையும் உறங்கிய நேரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். இரவில் 8 மணி நேரமேனும் உறங்குங்கள். வன்னாளில் தயங்காமல் உழைப்பதற்கு ஊக்கம் வேண்டும். மென்னாளில், இன்னும் தூக்க முடியும் என்று தெரிந்தும் பளுவை இறக்கி வைப்பதற்கு அடக்கம் வேண்டும். இவ்விரண்டும் உடையவனிடமே வலிமை வந்து தங்கும்.